நானூற்றுப் பன்னிரண்டு அடி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் சங்கிலியின் மகன் வீட்டை விட்டுப் போனான். அதே நிமிஷத்தில் அவனுடைய அறையும் போனது. பத்தடி நீளம், எட்டரை அடி அகலம். உள்ளே ஒரு கட்டில், நீலப் போர்வை, அம்மாவின் தையல் மிஷின், குறுக்கே கட்டிய கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சட்டை, பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு மோட்டார். எல்லாம் அறையோடு போயின. சத்தம் எதுவும் வரவில்லை. கூடத்தில் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அதுவும் புதுச் சுவர் மாதிரி இல்லை. முப்பது வருஷமாக அங்கேயே நின்று அலுத்துப்போன சுவர் மாதிரி அங்கங்கே சுண்ணாம்பு உரிந்திருந்தது. சங்கிலி டேப்பை எடுத்து வந்து அளந்தார். இருபத்துநாலு அடி அகலமாக இருந்த வீடு பதினைந்தரை அடியாகியிருந்தது. எட்டரை சரியாகக் கழிந்திருந்தது. அவர் மனைவி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் மகனின் மூன்றாவது சட்டை இருந்தது, பிழிந்து உதறி, காயப்போட எடுத்து வந்தது.

சங்கிலி என்பது அவர் பெயரல்ல. நில அளவை ஆபீசில் அவருக்குச் செயின்மேன் வேலை. சர்வேயர் எங்கே அளக்கப் போனாலும் நூறடி இரும்புச் சங்கிலியைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் போக வேண்டும், சொன்ன இடத்தில் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். எண்ணைப் பார்ப்பதும் எழுதுவதும் சர்வேயர். முனை மட்டும்தான் இவருடையது. பின்னாளில் சங்கிலி போய் டேப் வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. பெரியவர்களுக்குச் சங்கிலி, சின்னவர்களுக்குச் சங்கிலி மாமா. ரேஷன் கடையில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவர் பிறந்தது அந்தத் தெருவின் ஏழாவது வீட்டில். வீடுகள் ஒரு பக்கம்தான், மொத்தம் இருபத்தாறு. எதிர்ப்பக்கம் நெடுக நூல் மில்லின் மதில். ஒரு முனையில் பஸ் நிறுத்தம், மறுமுனையில் வாய்க்கால். இதற்குள்தான் அவர் தவழ்ந்தார், நடந்தார், விழுந்தார், அவருக்குப் பல் முளைத்தது, பல் விழுந்தது. பஸ் நிறுத்தத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தால் வாய்க்கால் வரும்போது காதுக்குள் இரைச்சல் கேட்கும். இரைச்சல் கேட்காமல் வாய்க்காலைத் தொட்டவன் நடுவில் மூச்சு விட்ட திருடன் என்று பிள்ளைகளுக்குள் சட்டம் இருந்தது. பசித்தால் எந்த வீடு கிட்டேயோ அந்த வீட்டில் சாப்பாடு. மழை பெய்தால் பஸ் நிறுத்தத்தில் விட்ட காகிதப் படகு கடைசி வீட்டு ரொட்டிக்கடை வரை தானாகப் போகும். தெருவின் சரிவு நூறடிக்கு அரையடி என்று பிற்பாடு தெரிந்துகொண்டார். படகுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு விசில் வாத்தியார் தன் மாடியில் நின்று ஒரு விசில் ஊதுவார். மில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லித்தந்தவர் அவர். விசிலுக்குப் பிறகும் தெருவில் நிற்கும் பிள்ளையை எந்த வீட்டு அம்மாவும் முதுகில் ஒன்று வைக்கலாம், யார் பெற்றது என்று கேட்க வேண்டியதில்லை. சங்கிலி மொத்தம் பதினொரு வீட்டில் அடி வாங்கியிருக்கிறார். அதை எல்லாரிடமும் பெருமையாகத்தான் சொல்வார்.

பத்தொன்பது வயதில் வேலை கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆபீஸ் சங்கிலியை யாருக்கும் சொல்லாமல் தூக்கி வந்து சொந்தத் தெருவை அளந்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் மகள் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். நாலு சங்கிலி, பன்னிரண்டு அடி. நானூற்றுப் பன்னிரண்டு. ஏழு வருஷம் கழித்து அவளையே கட்டிக்கொண்டார். பிறந்த வீட்டிலிருந்து அவள் போனது பதினெட்டு வீடு தாண்டி. அதற்கே வாசலில் ஒரு பாட்டம் அழுது தீர்த்து, "போயிட்டு வரேன்மா" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள், மறந்துவைத்த சீப்பை எடுக்க மத்தியானமே திரும்பி வந்து நின்றாள். அதன்பிறகு ஒவ்வொரு கல்யாண நாளன்றும் இருவரும் தெருவை அளந்தார்கள். ஊருக்கெல்லாம் முனை பிடித்தவர் சொந்தத் தெருவில் மட்டும் சர்வேயர், அவள் செயின்மேன். "தொய்ய விடாத" என்பார் அவர். "வெடுக்குனு இழுக்காதீங்க, கையை அறுக்குது" என்பாள் அவள். பதினைந்து வருஷமும் அதே எண். மாறாது என்று தெரிந்தே அளப்பதில் இருவருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது.

அவருடைய நாற்பத்தொன்றாம் வயதில் மில் மூடியது. சங்கு திரும்ப ஊதும் என்று தெரு ஒரு வருஷம் காத்திருந்தது. அடுத்த வருஷம் பதின்மூன்றாம் வீட்டுக் கடிகாரக்காரர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், குடும்பத்தோடு முதல் பஸ் ஏறிப் போனார். காலையில் பால் வாங்க வந்தவர்கள் பார்த்தபோது பன்னிரண்டாம் வீடும் பதினாலாம் வீடும் ஒட்டி நின்றன. நடுவில் சந்து இல்லை, வடு இல்லை. பல் பிடுங்கின இடத்தில் ஈறு மூடுவதற்காவது பத்து நாள் ஆகும். எதிரே மில் மதிலும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. அதில் எழுதியிருந்த சோப்பு விளம்பரத்தில் நடு எழுத்து இரண்டைக் காணோம். அந்த வாரம் மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்தது, தெரு அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. சங்கிலியும் மனைவியும் அளந்தார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. இருமுறை அளந்தும் அதுதான். சர்வேயரிடம் போய்ச் சொன்னார். சர்வேயர் நல்ல மனிதர், வந்து அவரே அளந்து பார்த்தார். "தெரு குறையலய்யா, உன் சங்கிலிதான் நீண்டுபோச்சு. வருஷக்கணக்கா இழுத்தா கண்ணி தளர்ந்துடும். நீண்ட சங்கிலியில அளந்தா அளவு குறைச்சலாத்தான் காட்டும்" என்றார். தொழில்படி அது சரியான பேச்சு. சங்கிலியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு நூல்கூட நீளவில்லை என்று சீட்டோடு திரும்பி வந்தது. ஆபீஸ் வரைபடத்தில் தெரு நானூற்றுப் பன்னிரண்டாகவே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் குழப்பத்தில் ஆபீசுக்குப் புதிதாக ஒரு டேப் வாங்கினார்கள், அத்தோடு விஷயம் முடிந்தது.

அதே மாதிரி இன்னும் ஐந்து வீடு போயிற்று. பிறகுதான் விசில் வாத்தியார் கிளம்பினார். வயதாகிவிட்டது, மகள் ஊருக்குப் போகிறார். ஒழுங்கான மனிதர், மிச்சமிருந்த ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி, "போயிட்டு வரேன்" என்று சொன்னார். கடைசியில் பஸ் படியில் நின்றுகொண்டு ஒரு விசில் ஊதினார், மத்தியான வேளை என்றும் பாராமல் இரண்டு கிழவர்கள் எழுந்து வீட்டுக்குள் போனார்கள். மறுநாள் பார்த்தால் வாத்தியார் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, பூட்டோடு, பூந்தொட்டியோடு. தெரு புரிந்துகொண்டது. கிளம்பும்போது போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் சொல்லி வளர்ப்பதுதான். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு செங்கல் இருக்கிறது என்று மட்டும் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதற்கப்புறம் கிளம்பிய ஒவ்வொருவரும் கடமையாக வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவில் பூட்டுகள் பெருகின. "சொல்லிட்டுப் போறவங்களுக்குத் தண்ணி குடுத்தே என் பானை காலியாகுது" என்றாள் எட்டாம் வீட்டு நர்ஸம்மா. சங்கிலியின் பக்கத்து வீடு அவளுடையது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் சொல்லும் தேயும் என்பது டேப் பிடித்தபோதுதான் தெரிந்தது. வாத்தியார் வீடு பதினைந்து அடி. மகளுக்குப் பிள்ளை பிறந்து, தாத்தா மடியை விட்டு அது இறங்குவதில்லை என்று கடிதம் வந்த வருஷம் பன்னிரண்டு அடி. அங்கே வாத்தியாருக்குச் சீட்டாட நாலு கூட்டாளி அமைந்த வருஷம் ஐந்து. ஜன்னலும் கதவும் நிலையும் எல்லாம் அதே அளவில் ஒடுங்கின, புதுத்துணி துவைத்த மாதிரி. கடைசியில் அவர் அங்கேயே சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடிபோன அன்று இங்கே மிச்சமிருந்த ஒரு முழ அகலமும் போனது. கடிதம் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. தபால்காரரை டேப் முந்திக்கொண்டது. எந்த வீடு எந்த வருஷம் எத்தனை அங்குலம் குறைகிறது என்று பார்த்தாலே, போனவர் எவ்வளவு மறந்திருக்கிறார் என்று சங்கிலிக்குத் தெரிந்துவிடும். இப்படி அறிந்துகொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமல் போனவர்கள் மேல்கூட அவருக்குக் கோபமில்லை, அது ஒரே நாள் வலி. வருவதாகச் சொல்லிவிட்டு வருஷா வருஷம் அங்குலம் அங்குலமாகச் சாகிற வீட்டைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. இருந்தும் அளப்பதை விடவில்லை. கை பழகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மகன் விஷயம் வந்தது. இருபத்திரண்டு வயது. குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் கற்றிருந்தான், நல்ல கைவேலை. தெருவிலோ கெட்டுப்போகப் பெட்டியே மிச்சமில்லை. சங்கிலி ஆபீசில் யார் யாரையோ பிடித்து அவனுக்குத் தற்காலிகச் செயின்மேன் வேலை வாங்கி வந்தார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் கெஞ்சியது அந்த ஒருமுறைதான். மகன் காகிதத்தைப் படித்துவிட்டு, "ஆயுசுக்கும் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க என்னால முடியாதுப்பா" என்றான். வேண்டுமென்றே சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. எட்டு நாள் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

அம்மா படியில் நின்று, "போயிட்டு வரேன்னு சொல்லுடா. சும்மாவாச்சும் சொல்லு. ரூம் இருக்கும்ல" என்றாள்.

மகன் வாயைத் திறந்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த சங்கிலி தலையைத் தூக்காமல், "வேணாம். பொய்ச் சொல் வேணாம். அவன் வரப்போறதில்ல. போறேன்னு சொல்லிட்டே போகச் சொல்லு" என்றார்.

அவருக்கு மனதில் ஓடியது வாத்தியார் வீடு. மகனின் அறை எட்டு அடியோ ஏழு அடியோ என்று வருஷா வருஷம் முட்டி போட்டுத் தேய்மானம் பார்க்கும் தலையெழுத்து தனக்கு வேண்டாம் என்று நினைத்தார். பயம்தான், வேறொன்றுமில்லை. வெளியே வந்தபோது அது கோபமாகத்தான் வந்தது. மகன் அப்பாவை ஒரு முறை பார்த்தான். "போறேன்" என்றான்.

அவன் அம்மா அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. ஈரச்சட்டையைச் சமையலறையில் காயப்போட்டாள். சாயங்காலம் புருஷனைப் பார்த்து, "அளவு சரியா வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது என்றார். "அப்புறம் என்ன, சாப்பிடுங்க" என்றாள். இதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று சங்கிலி பிற்பாடு நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சுவரில் அவள் எதையும் சாத்த விடவில்லை. எட்டரை அடி போன வீட்டில் சாமான்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. பீரோவைக் கடந்து போக ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது. பீரோவை அந்தச் சுவரோரம் தள்ளலாம் என்றால், "கதவு திறக்கணும்ல" என்பாள். தினமும் அந்த இடத்தைப் பெருக்குவாள். கல்யாண நாளில் டேப் முனையைப் பிடிக்க மட்டும் வருவாள், தொய்ய விடமாட்டாள், எண்ணைக் கேட்கமாட்டாள். மகன் முதலில் மாதம் ஒரு கடிதம் போட்டான். பிறகு வருஷம் ஒன்று. பிறகு விலாசம் மாறியது.

எட்டு வருஷம் கழித்து ஒரு காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வண்டி வந்து, இரண்டு பேர் தூக்கிப் படுக்க வைத்தார்கள். சமையலறையைக் கடக்கும்போது நிலையைக் கையால் பிடித்து வண்டிக்காரர்களை நிறுத்தினாள். உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "அடுப்பை அணைச்சாச்சான்னு பாருங்க. போயிட்டு வரேன்" என்றாள். மூன்றாம் நாள் அங்கேயே முடிந்துபோனது. மகனுக்குத் தகவல் பழைய விலாசத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தது. இரண்டு வரி எழுதியிருந்தான். பதில் எழுத சங்கிலிக்குக் கை வரவில்லை.

சமையலறை ஒன்பதுக்கு ஏழு. அவள் போன வருஷம் அளந்தார், ஒன்பதுக்கு ஏழு. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், ஐந்தாம் வருஷம், பத்தாம் வருஷம், ஒன்பதுக்கு ஏழு. ஒரு நூல் குறையவில்லை. உயிரோடு சௌக்கியமாக இருக்கிறவர்களின் வீடெல்லாம் விரல் கனமாகிக் காணாமல் போய்க்கொண்டிருக்க, செத்துப்போனவளின் சமையலறை அப்படியே நின்றது. கொஞ்சமாவது குறைந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். வரவே முடியாதவள் ஒருத்திதான் முழு மனதாக வருவதாகச் சொல்லியிருந்தாள்.

இதற்குள் தெரு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். ரொட்டிக்கடையைச் சங்கிலியின் மைத்துனன் பூட்டிவிட்டுப் போய், அது சில வருஷம் ஒரு சாண் அகலத்தில் புகைபோக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு நின்று, ஒரு வெயில் நாளில் மறைந்தது. மில் மதிலில் சோப்பு விளம்பரத்தின் கடைசி எழுத்து மட்டும் மிச்சம். பஸ் நிறுத்தம், சங்கிலி வீடு, நர்ஸம்மா வீடு, வாய்க்கால். பிள்ளைகள் யாராவது இருந்து மூச்சைப் பிடித்து ஓடியிருந்தால் ஒரு மூச்சுக்கு ஆறேழு முறை போய் வந்திருப்பார்கள். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றபோது ஆபீசில் அந்தப் பழைய டேப்பை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். சைபர் முனையை மாட்ட ஆளில்லாமல், நர்ஸம்மா வீட்டு வாய்க்கால் ஓர ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி போட்டு மாட்டி அளந்தார்.

அம்மா போய்ப் பதினோராம் வருஷம், அவன் போய்ப் பத்தொன்பதாம் வருஷம், மகன் வந்தான். பஸ்ஸில் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, பழைய ஞாபகத்தில் காலடியை எண்ணி நடந்திருக்கிறான். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு அவன் கணக்கில் நாற்பது தப்படி. பதின்மூன்றாவது தப்படியில் வாய்க்காலில் இறங்கிவிட்டான். சங்கிலி கதவைத் திறந்தபோது, முட்டி வரை நனைந்த பேண்ட்டோடு, நெற்றி ஏறின ஒரு நாற்பத்தொரு வயது ஆள் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"தெருவைத் தாண்டிட்டேன்பா" என்றான்.

"எல்லாரும் இப்ப தாண்டித்தான் போறாங்க" என்றார் சங்கிலி. "உள்ள வா. காலைக் கழுவு."

உள்ளே வந்தவன் சமையலறை வாசலில் ரொம்ப நேரம் நின்றான். கயிற்றில் ஒரு சட்டை தொங்கியது, இருபத்திரண்டு வயசுப் பையன் அளவு, வெயிலே படாமல் காய்ந்து வெளுத்தது. பிறகு கூடத்துக்கு வந்து, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, அந்த வெறும் சுவர் முன்னால் நின்றான்.

"வீடு பூரா சாமான் முட்டிக்கிட்டு நிக்குது. இங்க மட்டும் ஒண்ணையும் வைக்கலையா?"

"உங்கம்மா வைக்க விடல. கதவு திறக்கணுமாம்."

மகன் சுவரில் உள்ளங்கையை வைத்தான். எடுத்தபோது சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

சாப்பிட்டார்கள். அவனுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை வேலை, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மூன்றாம் மாடியில் வீடு. நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். சங்கிலி எழுந்து டேப்பை எடுத்து வந்தார். "வந்ததுதான் வந்த. முனையைப் பிடி. பதினோரு வருஷமா ஜன்னல் கம்பிதான் பிடிக்குது" என்றார். மகன் வாய்க்கால் பக்கம் போய் முனையைப் பிடித்தான். சங்கிலி பஸ் நிறுத்தத்தில் நின்றார். டேப் இழுபட்டு நேரானது.

முகத்துக்கு நேரே வராத வார்த்தை அந்தத் தூரத்தில் வந்தது. "அன்னைக்கு உன்னைச் சொல்ல விட்டிருக்கணும்" என்றார் சங்கிலி, எண்ணைப் பார்த்துக்கொண்டே.

மகன் டேப்பைத் தொய்ய விடவில்லை. "சொல்லியிருந்தாலும் பொய்யாத்தான்பா இருந்திருக்கும்" என்றான்.

"தெரியும். அந்தப் பொய் போதும் அவளுக்கு. நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ, குறையக் குறையப் பெருக்கிக்கிட்டு இருந்திருப்பா. நான்தான் எனக்குத் தாங்காதுன்னு பார்த்தேன். அவளைப் பார்க்கல."

"எவ்வளவுப்பா?" என்று கேட்டான் மகன்.

"முப்பதரை."

டேப்பைச் சுற்றிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். "என்கூட வந்துடுங்கப்பா. இங்க யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க?" என்றான் மகன். கூப்பிட வேண்டுமே என்று கூப்பிட்டதில்லை, நிஜமாகவே கூப்பிட்டான். சங்கிலி சமையலறைப் பக்கம் தலையை அசைத்தார். "அவ வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. நானும் கிளம்பிட்டா இது நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம்" என்றார். செத்தவர்கள் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. மகனும் அதைச் சொல்லவில்லை. நர்ஸம்மா தன் வாசலிலிருந்து, "வந்தவனுக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க, அளந்தே அனுப்பிடாதீங்க" என்று சத்தம் போட்டாள்.

நாலு மணி பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. படியில் மகன் நின்றான், பை தோளில் இருந்தது. சங்கிலி அறுபத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேரை அந்தத் தெருவிலிருந்து அனுப்பி வைத்திருக்கிறார். தானாக முதலில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "போயிட்டு வா" என்றார்.

மகன் அவரைப் பார்த்தான். "போயிட்டு வரேன்பா" என்றான். பஸ் ஏறிப் போனான்.

சங்கிலி உள்ளே வந்தபோது அந்தச் சுவரில் ஒரு பிளவு இருந்தது. தரையிலிருந்து பழைய கதவின் உயரம் வரை, ஓரம் பிசிறில்லாமல், நேராக. டேப்பை வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம். வாசலுக்குப் போய்க் கொக்கியை மாட்டித் தெருவையும் ஒரு தரம் அளந்தார். முப்பது அடி பத்து அங்குலம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மகன் சொன்னதில் நாலு அங்குலம் நிஜம் இருந்தது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "நாலு அங்குலமா? கொடுத்துவச்சவர்தான். என் கூடப்பிறந்தவன் சொன்னதுக்கு ஒரு ஊசி நுழையல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒன்பதே கால் மணி வெளிச்சம் இருந்தது. கட்டிலின் ஒரு காலும் நீலப் போர்வையின் ஒரு ஓரமும் தையல் மிஷின் சக்கரத்தில் பாதியும் தெரிந்தன. ஆள் நுழைய முடியாது. கையை ஒருக்களித்து விட்டால் தோள் வரை போகும், போனால் கயிற்றில் தொங்கும் சட்டையின் கை விரலில் படும். அது இன்னும் ஈரமாக இருந்தது. சங்கிலி அதை வெளியே இழுக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். வெயில் காலத்தில் அதிலிருந்து சில்லென்று காற்று வந்தது, சோப்பு வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் கலந்து. அவர் மனைவி காலமெல்லாம் பெருக்கி வைத்த இடம் என்பதால் நாற்காலி போட வசதியாக இருந்தது. காலையில் அவரே பெருக்கினார்.

மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, பெரிய பெண்ணுக்குப் பரீட்சை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. கல்யாண நாளன்று சங்கிலி டேப்பை எடுத்துப் பிளவை அளந்தார். மூன்றேகால். அதற்கு அடுத்த கல்யாண நாளில் இரண்டரை. கை இன்னும் போகிறது.